மந்திர இருட்டும் அண்ணன் உருட்டிய மூணும்

இல்லாத ஒரு இருட்டுக்காக ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் தொண்டை கிழியக் கத்துகிறவர்கள் நாங்கள். வாரம் முழுக்கப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். பின்சீட்டுச் சண்டைகளை விலக்கி விலக்கிக் குரலே கட்டிப்போகும். கிடைப்பது ஒரே ஒரு நாள் விடுமுறை. அந்த நாளிலும் போய் உட்கார்ந்து, மந்திர இருட்டுக்குள் தீப்பந்தம் கொண்டுபோனால் வெளிச்சம் வருமா வராதா என்று வழக்காடுகிறேன் என்றால், என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

இடம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு என்பதால் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கடைக்காரர் உள்ளே மேசை போடுவார். மூன்று சுவரிலும் ஃபிரேம்கள் வரிசை வரிசையாக மாட்டியிருக்கும். நாலாவது சுவரில், பெரிதாகத் தொடங்கிப் போகப்போகச் சிறுக்கும் எழுத்துப் பலகை. அதற்கு நேர் எதிரே போட்ட நாற்காலியில் உட்காருகிறவன் என் அண்ணன். அவனுக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. "விளையாட ஊர்ல வேற இடமே கிடைக்கலையா சார் உங்களுக்கு? சரி, எனக்கு எவ்வளவு பவர்னு பார்த்துச் சொல்லுங்க" என்று முதல் நாளே கேட்டான். கடைக்காரர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார்.

விளையாட்டு இதுதான். கடைக்காரர் ஒரு கதையை நடத்துவார். நாங்கள் மூன்று பேரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரம். குகை வந்தால் நுழைகிறோமா, பூதம் வந்தால் அடிக்கிறோமா ஓடுகிறோமா என்று வாயால் சொல்ல வேண்டும். செய்தது பலிக்குமா என்று சந்தேகம் வந்தால் இருபது முகம் உள்ள பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் பிழைத்தோம், சின்ன எண் விழுந்தால் தொலைந்தோம். இதற்கெல்லாம் தலையணை கனத்தில் ஒரு விதிப் புத்தகம் உண்டு. அதை எழுதினவர்கள் எங்கள் கையில் கிடைக்காதது அவர்கள் செய்த புண்ணியம்.

மூன்றாவது ஆள் தையல்கார அக்கா. இரண்டு கடை தள்ளி யூனிஃபார்ம் தைக்கிறார். நல்ல மனசு, ஆனால் அந்த வாய் இருக்கிறதே! அளவு தப்பாய்க் கொடுத்தவர், நூல் கொண்டுவரத் தாமதித்தவர், நடைபாதையில் வண்டி நிறுத்தியவர் என்று பாரபட்சம் இல்லாமல் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். நானும் வாங்கியிருக்கிறேன். அண்ணனிடம் பேசும்போது மட்டும் அந்தக் குரல் பஞ்சுப் பொதியாகிவிடும். "வாங்க தம்பி, பார்த்து தம்பி, பிஸ்கட் எடுத்துக்கறீங்களா தம்பி" என்பார்.

அண்ணனுக்கு வேலை மின்சார அலுவலகத்தில். கரண்ட் போனால் ஜனங்கள் போன் செய்து புகார் சொல்வார்களே, அந்தப் போனை எடுக்கிறவன். "உங்க வீட்டுல மட்டும் இல்லையா, தெருவுக்கே இல்லையா?" என்பதுதான் எப்போதும் அவன் முதல் கேள்வி. வீட்டில் மட்டும் என்றால் ஃப்யூஸ் பார்க்க ஆள், தெருவுக்கே என்றால் கம்பம் பார்க்க வண்டி. அவன் அதைக் கேட்டு முடிப்பதற்குள் மறுமுனையில் அர்ச்சனை ஆரம்பித்துவிடும். காது கொடுத்துக் கேட்க முடியாத வார்த்தைகள். ஒருமுறை ஒரு அம்மா, "ஊரே இருட்டாக் கிடக்கு, உங்களுக்கெல்லாம் கண்ணு தெரியலையா?" என்று கத்தியிருக்கிறார். "தெரியலைம்மா. கனெக்‌ஷன் நம்பர் சொல்லுங்க" என்றானாம். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

திட்டு வாங்குகிற வேலையில் இவ்வளவு சந்தோஷப்படுகிறவனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பைத்தியமா இவன் என்று நினைத்திருக்கிறேன். காரணம் புரிந்தது ஒரு நாள் சாயங்காலம். போனில் கன்னாபின்னாவென்று பேசிய ஒரு ஆள், ஆத்திரம் அடங்காமல் நேரிலேயே வந்துவிட்டாராம். "போனை எடுத்தவன் எவன்டா?" என்று வாசலிலிருந்தே சத்தம். அண்ணன் எழுந்து நின்று, "நான்தான் சார், உள்ள வாங்க" என்றிருக்கிறான். அந்த ஆள் மேசையோரம் சாய்த்திருந்த வெள்ளைக் கோலைப் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான். "ஐயோ, தெரியாமப் பேசிட்டேன் தம்பி, மன்னிச்சுக்கப்பா" என்று தோளைத் தட்டிவிட்டுப் போயே போய்விட்டாராம். எந்த வீட்டில் கரண்ட் இல்லை என்றுகூடச் சொல்லவில்லை.

அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. "சண்டை போட வந்தவன் போட்டுட்டுப் போக வேண்டியதுதானே? போன்ல நான் ஒரு ஆளா இருந்தேன். கோலைப் பார்த்ததும் பாவமாயிட்டேனா?" என்று பொருமினான். ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரர் லேட்டாக வந்தால் மெமோ கொடுப்பார்கள். அண்ணன் லேட்டாகப் போனால், "பரவாயில்லப்பா, மெதுவா வா." கல்யாண வீட்டில் பந்தி பரிமாறக் கூப்பிட மாட்டார்கள், வேலை சொல்ல மாட்டார்கள், உட்காரவைத்து ஃபேனைத் திருப்பிவிடுவார்கள். இந்தப் "பரவாயில்ல"யைக் கேட்டுக் கேட்டு அவனுக்குக் காது புளித்துவிட்டது.

அதனால்தான் இந்த விளையாட்டுக்கு வந்தான். கண்ணாடிக் கடைக்காரர் கதை நடத்துகிறார் என்று நான் சொன்னதும், அவன் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் புத்தகத்துல பரவாயில்லைன்னு ஒரு விதி இருக்கா?" என்பதுதான். இல்லை என்றேன். "அப்போ நானும் வரேன்" என்றான். எல்லோரையும்போலத் தோற்கிற இடம் ஒன்று அவனுக்கு வேண்டியிருந்தது.

அவன் உண்டாக்கிய பாத்திரத்துக்கு விளக்குக்காரன் என்று பெயர் வைத்தான். கையில் ஒரு கோல், அதன் நுனியில் மந்திர ஒளி. காத தூரத்தில் அசையும் இலையைக்கூடப் பார்த்துவிடும் கண். "உனக்கு இருட்டுல நடமாடுற திருடன் பாத்திரம் நல்லா வருமே தம்பி, பழக்கம்தானே" என்றார் கடைக்காரர், நல்லெண்ணத்தோடுதான். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு, "என் ஆளுக்குக் கண்ணு இருக்கு சார். நல்லா இருக்கு" என்றான்.

வந்து வாய்த்த தொல்லைகளில் பெரிய தொல்லை இந்த மந்திர இருட்டு. சாதாரண இருட்டு என்றால் பந்தம் கொளுத்தலாம், தீர்ந்தது. மந்திர இருட்டில் பந்தம் எரியும், சுடும், புகையும். வெளிச்சம் மட்டும் வராது. இருட்டில் பார்க்கும் பூனைக்கண் உள்ள பாத்திரத்துக்கும் அதற்குள் ஒன்றும் தெரியாது. அதை விரட்ட மந்திர ஒளிதான் வேண்டும். அதிலும் படி உண்டு. மேல்படி இருட்டுக்குள் கீழ்படி ஒளியைக் கொண்டுபோனால் ஒளி அவிந்துவிடும். மேல்படி ஒளி வந்தால் இருட்டு கரைந்துவிடும். இதுவரைக்கும் எனக்கே புரிகிறது.

புரியாதது அடுத்தது. இருட்டில் உனக்கு எதிரி தெரியாது, அதனால் உனக்குக் கஷ்டம். எதிரிக்கும் உன்னைத் தெரியாது, அதனால் உனக்குச் சாதகம். கஷ்டமும் சாதகமும் கழிந்து, பட்டப்பகலில் எய்வதுபோலவே அம்பு எய்யலாம் என்கிறது புத்தகம். "அப்போ நான் லைட்டை அணைச்சுட்டே பட்டன்ஹோல் போடலாமே!" என்றார் அக்கா. "இதை எழுதினவன் ஒரு நாளாவது இருட்டுல ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் குடிச்சிருப்பான்னு நினைக்கறீங்க?" என்றான் அண்ணன். அன்று முழுக்கச் சண்டை. கதையில் ஒரு அடிகூட நகரவில்லை.

இதைவிட அவனை எரிச்சல்படுத்தியது வேறொன்று. கதையில் இருட்டு வந்தாலே போதும், கடைக்காரரின் குரல் இறங்கிவிடும். "மத்தவங்களுக்குத்தான் கஷ்டம். விளக்குக்காரன் எப்படியோ சமாளிச்சு நடந்துடறான்" என்பார். எங்களைத் தடுக்கி விழவைப்பார், அவனைத் தாங்கிக் கூட்டிப்போவார். "எப்படியோன்னா எப்படி சார்? என் ஆளும்தானே விழணும்?" என்பான் இவன். "பரவாயில்ல தம்பி" என்பார் அவர். அந்தச் சொல் இங்கேயும் வந்து சேர்ந்துவிட்டது.

நான் வேறு ஒரு காரணத்துக்காக வயிறெரிந்துகொண்டிருந்தேன். என் பகடையில் நல்ல எண் விழுவதே இல்லை. என் வாள்வீராங்கனை பாழுங்கிணற்றில் செத்தாள். அவள் தங்கை விஷம் வைத்துச் செத்தாள். கடைசியாக ஒருத்தி, கையில் மந்திர விளக்கு இருந்தும் இதே பாழாய்ப்போன இருட்டில் செத்தாள். அண்ணனுக்கோ கழுத்துக்குக் கத்தி வந்த நேரமெல்லாம் பதினாறு, பதினெட்டு, பத்தொன்பது. ஃபிரேம் எடுத்துக் காட்டும் வெல்வெட் தட்டு ஒன்றைப் பகடை உருட்ட வைத்திருந்தார்கள். அது அக்காவுக்கும் கடைக்காரருக்கும் நடுவில் இருக்கும். அண்ணன் அதில் உருட்டுவான், அக்கா எட்டிப் பார்த்து எண்ணைச் சொல்லுவார். எதிர்ப்பக்கம் கண்ணாடி ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் எனக்கு அவர் குரல் மட்டும்தான் கேட்கும்.

ஒரு நாள் திரும்பும்போது வேனில் கேட்டான்: "முக்கியமான நேரத்துல நான் ஒரு தடவையாவது தோத்திருக்கேனா?"

"என் வயித்தெரிச்சலைக் கிளப்பாதண்ணா. உனக்கு மச்சம், எனக்கு அது இல்ல."

"ஒரு தடவைகூடவா இல்ல?"

"இல்லன்னா விடேன். அதுக்கும் குறையா?"

ஜன்னலோரம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டான். எனக்கு சிக்னல் விழுந்துவிட்டது, வண்டியைப் பார்த்தேன்.

கொஞ்ச நாள் கழித்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. கதையில் பாதாள அரண்மனைக்குள் இறங்கியிருந்தோம். ஒரு பெரும்பள்ளம், அதன் மேல் பலகை விட்டுப்போன கயிற்றுப் பாலம். முன்னால் விளக்குக்காரன், நடுவில் பந்தத்தோடு அக்காவின் வில்லாளிப் பெண், கடைசியில் என் புது ஆள். இந்த வில்லாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மேசை தொடங்கிய நாளிலிருந்து அக்கா வளர்த்துவருகிற பாத்திரம் அவள். கட்டைவிரல் உயரப் பொம்மை ஒன்று வாங்கி, துண்டுத் துணியில் அதற்கு மேலங்கி தைத்துப் போட்டிருந்தார். பொத்தான்கூட உண்டு.

பாலத்தின் நடுவில் வரும்போது அந்தப் பக்கம் நின்ற மந்திரவாதி ஒருவன் மந்திர இருட்டை எறிந்தான். அண்ணன் உடனே, "கோல்ல இருக்கிற ஒளியை முழுசா ஏத்தறேன்" என்றான். கடைக்காரர் புத்தகத்தைப் புரட்டினார். இருட்டும் ஒளியும் ஒரே படி. இங்கேதான் புத்தகமே ரெண்டு பேச்சுப் பேசுகிறது. முன்பக்கத்தில், ஒரே படி என்றால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் என்று இருக்கிறது. அப்படியானால் மிஞ்சுவது வெறும் இருட்டு, அதில் அக்காவின் பந்தமே போதும். பின்பக்கத்திலோ, பின்னால் மந்திரம் போட்டவர் பகடை உருட்ட வேண்டும், பத்துக்கு மேல் விழாவிட்டால் அவர் மந்திரம் அவியும் என்று இருக்கிறது.

"முன்பக்கத்தை எடுத்துக்கலாம். ரெண்டும் அழிஞ்சது. பந்த வெளிச்சத்துல நடந்து போயிடறீங்க" என்றார் கடைக்காரர்.

"இருங்க சார். இதே இருட்டுதானே அன்னைக்கு என் தங்கச்சியோட ஆளுக்கும் வந்துது? அவ விளக்கை எடுத்தா. நீங்க பின்பக்கத்தை எடுத்தீங்க. உருட்டச் சொன்னீங்க. அவ செத்தா. எனக்கு மட்டும் எதுக்கு முன்பக்கம்?"

எனக்குச் சுருக்கென்றது. அவன் சொல்வது அத்தனையும் உண்மை. "ஆமா சார், எனக்கு மட்டும் என்ன ஓரவஞ்சனை?" என்று நானும் சேர்ந்துகொண்டேன்.

"ஏம்மா, நீ வேற. அது அன்னைக்கு."

"இன்னைக்கும் அதே புத்தகம்தான்" என்றான் அண்ணன். "நான் உருட்டறேன்."

சட்டைப் பையிலிருந்து ஒரு பகடையை எடுத்தான். வழக்கமானது இல்லை, பித்தளை. "பழசு எங்கேயோ விழுந்துடுச்சு. ஆபீஸ் பக்கத்துல பெயர்ப்பலகை செதுக்கறவர் செஞ்சு குடுத்தார்" என்றான். அக்கா அதை வாங்கிப் பார்த்து, "அட, நம்பரு பக்கத்துல புள்ளியெல்லாம் வெச்சு டிசைனா இருக்கே!" என்று திருப்பிக் கொடுத்தார். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். பாலத்தில் கடைசி ஆளாய் நிற்கும் கவலையில் உறைக்கவில்லை.

உருட்டினான். வெல்வெட் தட்டில் சத்தமே வரவில்லை.

"பதினெட்டு!" என்றார் அக்கா. "பதினெட்டு தம்பி! இருட்டு போச்சு!"

அண்ணன் கையை நீட்டித் தட்டைத் தடவினான். பகடையை அசைக்காமல், மேல் முகத்தில் ஆள்காட்டி விரலை வைத்தான். ஒரு தடவைக்கு இரண்டு தடவை தடவிப் பார்த்தான்.

"மூணு" என்றான்.

நான் எழுந்து ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன். மூணுதான். பக்கத்தில் புடைத்து நின்ற புள்ளிகள், அவன் படிக்கும் புள்ளி எழுத்து.

"எத்தனை வருஷமாக்கா?" என்று கேட்டான்.

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "முதல்ல ஒரு தடவைதான் தம்பி... அப்புறம் அப்படியே... உங்க ஆளு செத்துட்டா நீங்க வராமப் போயிடுவீங்களோன்னு..."

"சார், நீங்களும் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதுவே பதில். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஷோகேஸையே உடைத்திருப்பேன். வருஷக்கணக்காக இவன் அதிர்ஷ்டத்தைப் பார்த்து நான் பொசுங்கியிருக்கிறேன்! "வெட்கமா இல்ல உங்களுக்கு? நான் செத்தப்போ ஒருத்தராவது ஒரு நம்பரை ஏத்திச் சொன்னீங்களா?" என்று கத்தினேன். கோபம் எந்தப் பக்கம் போகிறது என்று எனக்கே தெரியவில்லை.

"நீ சும்மா இரு" என்றான் அண்ணன். "இங்க ஒரு இடத்துலயாவது நான் ஜெயிச்சேன்னு நினைச்சேன். தோத்திருந்தா அதுவும் என்னுதா இருந்திருக்கும். ரெண்டையும் எடுத்துக்கிட்டீங்க. சரி, போகட்டும். மூணு விழுந்திருக்கு. புத்தகத்துல இருக்கறதைச் சொல்லுங்க சார்."

"தம்பி, இன்னைக்கு இதோட..."

"சொல்லுங்க. இல்லன்னா நான் கிளம்பறேன். இனிமே வரமாட்டேன்."

கடைக்காரர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். தொண்டையைச் செருமினார். "உன்... உன் ஒளி அவிஞ்சுடுச்சு. மந்திர இருட்டு பாலம் முழுக்கப் பரவுது. பந்தம் எரியுது, ஆனா வெளிச்சம் இல்ல. அடுத்த பலகை எங்கேன்னு யாருக்கும் தெரியல. ஆளாளுக்கு உருட்டுங்க. பத்துக்கு மேல வேணும்."

"விளக்குக்காரனும்தானே?"

"விளக்குக்காரனும்தான்."

முன்னால் நிற்பவன் என்பதால் அவன்தான் முதலில் உருட்டினான். எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தோம், ஒருத்தரும் எண்ணைச் சொல்லவில்லை. அவனே தொட்டுப் பார்த்தான். "ஆறு."

"கால் வெச்ச இடத்துல பலகை இல்ல. உன் ஆளு விழறான்" என்றார் கடைக்காரர். "செத்துட்டான்."

அண்ணன் தலையாட்டினான். கையைத் தட்டிலிருந்து எடுக்கவில்லை.

அடுத்து நான் உருட்டினேன். செத்துச் செத்தே பழகிய எனக்கு அன்றைக்குப் பார்த்துப் பதினேழு. கொண்டாட முடியுமா அதை? கடைசியில் அக்கா உருட்டினார். இரண்டு.

கடைக்காரர் மேலங்கி போட்ட அந்தப் பொம்மையை விரலால் சாய்த்துப் படுக்கவைத்தார். அக்கா அதையே பார்த்தார். பொத்தான் மேலே தெரிந்தது. அவர் மூக்கு விடைத்தது. இரண்டு கடை தாண்டிக் கேட்டுப் பழகிய அந்தக் குரல் எங்கள் மேசையில் வெடித்தது.

"அடப்பாவி! பேசாம முன்பக்கத்தை ஒத்துக்கிட்டுப் போயிருக்கலாம்ல? விதியாம் விதி! உன் வறட்டுப் பிடிவாதத்துல என் பொண்ணைக் கொன்னுட்டியேடா! எத்தனை வருஷமா வளர்த்தேன் தெரியுமா? பெருசா உருட்டறேன்னு வந்து மூணு போடறான் மூணு! உருப்படுவியா நீ?"

சொல்லி முடித்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். கடைக்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். நான் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அவன் காது சிவந்திருந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"என்னைச் சொல்றீங்களே, நீங்க போட்டது ரெண்டு! ரெண்டு போட்டவங்க மூணு போட்டவனைப் பேசலாமா? பந்தத்தை வெச்சுக்கிட்டு நடுப் பாலத்துல வேடிக்கை பார்த்தது யாரு?"

"யாருடா வேடிக்கை பார்த்தது?"

பிடித்துக்கொண்டது சண்டை. கடைக்காரர் இடையில் புகுந்து இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டார். ஷட்டருக்கு அடியில் குனிந்து யாரோ எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அக்கா, "வரட்டும் அடுத்த வாரம், உன் புது ஆளை நானே தள்ளிவிடறேன்" என்று சொல்லிப் பொம்மையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். போகும்போது "பார்த்துப் போங்க தம்பி" இல்லை.

வேனில் ஏறியதிலிருந்து அண்ணன் ஓயவில்லை. பின்பக்கத்து விதியே தப்பு என்றான். இருட்டு முதலில் வந்தது என்பதற்கு என்ன ஆதாரம் என்றான். பித்தளைப் பகடை ஒரு பக்கம் கனமாய் இருக்கிறது, செதுக்கினவரை நாளைக்குப் போய் ஒரு பிடி பிடிக்க வேண்டும் என்றான். கயிற்றைப் பிடித்திருந்தால் எப்படி விழுவான், கடைக்காரருக்குக் கதையே நடத்தத் தெரியவில்லை என்றான். தோற்ற எரிச்சலில் நானும் இப்படித்தான் வழியெல்லாம் புலம்பியிருப்பேன், ஆனால் கேட்கிறவளுக்குத்தானே தெரியும் அந்தக் கஷ்டம். "கொஞ்ச நேரம் வாயை மூடறியாண்ணா, வண்டி ஓட்டணும்" என்று அதட்டினேன். மூடவில்லை. வீட்டு வாசலில் இறங்கி, கோலை விரித்து, படியேறும்போதும் தொடையில் அடித்துக்கொண்டான்.

"மூணு! போயும் போயும் மூணு!"